வேலையில் தன்னம்பிக்கையை வளர்த்துப் பதவி உயர்வு பெற: பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

"கூச்சப்படாம பேசு", "தைரியமா கேளு". வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதிகம் கிடைக்கும் அறிவுரை இதுதான். எதைப் பேசுவது, எப்போது கேட்பது, கேட்டு மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறோம்.

தன்னம்பிக்கை முதலில் வரட்டும், பிறகு செய்யலாம் என்று பலரும் காத்திருக்கிறார்கள். அது நடப்பதே வேறு வரிசையில். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், "என்னால் முடியும்" என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார். ஒன்று, நாமே செய்து முடித்த அனுபவம். இரண்டு, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. மூன்று, நாம் மதிப்பவர் "உன்னால் முடியும்" என்று சொல்வது. நான்கு, படபடப்பு குறைந்த உடல்நிலை. நான்கில் வலுவானது முதலாவது. ஊக்கப் பேச்சைக் கேட்டு வரும் உற்சாகம் இரண்டு நாளில் வடிந்துவிடுவதற்கும், ஒரு சின்ன வேலையை முழுதாக முடித்த திருப்தி மாதக்கணக்கில் நிற்பதற்கும் காரணம் இதுதான். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி செய்வதைப் பற்றியும், செய்ததைப் பதிவு செய்வதைப் பற்றியுமே இருக்கும்.

முதல் படி: சிக்கல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

"எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்பது மூன்று வேறு வேறு நிலைகளுக்கு நாம் வைக்கும் ஒரே பெயர். வேலை உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். வேலை தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கலாம். வாய் திறந்தும் எதிரில் இருப்பவர் காதில் வாங்காமல் இருக்கலாம். முதலாவதற்கு மருந்து பயிற்சி, இரண்டாவதற்குப் பழக்கம். மூன்றாவதில் மாற வேண்டியது நீங்கள் அல்ல, அந்த இடம். மூன்றாவது நிலையில் இருக்கும் பெண்ணிடம் போய் "இன்னும் தைரியமாகப் பேசு" என்று சொல்வது அநியாயம்.

கடைசி மூன்று மாதங்களில் தயங்கிப் பின்வாங்கிய ஐந்து தருணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1, 2, 3 என்று எது பொருந்துகிறதோ அதைப் போடுங்கள். அதிகம் வரும் எண் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

தெரிந்த வேலையைச் செய்துகொண்டே "ஏதோ அதிர்ஷ்டத்தில் இங்கே வந்துவிட்டேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே இந்த உணர்வை விவரித்துவிட்டார்கள். அவர்கள் சந்தித்ததெல்லாம் படிப்பிலும் பணியிலும் நன்றாகச் சாதித்த பெண்களை. ஆகவே, அந்தப் பயம் வந்தாலே திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: வேலைக் குறிப்பேடு

மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். வாரத்தின் கடைசி வேலை நாளில், கிளம்புவதற்கு முன் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து விஷயம் எழுத வேண்டும்: தேதி, என்ன பிரச்சினை இருந்தது, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன (முடிந்தவரை எண்ணில்), யாருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் இரண்டு பதிவு போதும். ஓராண்டில் நூறு சேர்ந்துவிடும். அப்ரைசல் (பணி மதிப்பீடு) படிவத்தை நிரப்ப உட்காரும்போது தலையைச் சொறியும் வேலை இல்லை.

எண் ஏன் முக்கியம்? கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் இருவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு மதிப்பெண் எடுத்த ஆண்களையும் பெண்களையும் தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். பெண்கள் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். மதிப்பெண்ணைச் சொல்லிவிட்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. "நன்றாகச் செய்தேனா?" என்று மனதைக் கேட்டால் அது குறைத்துத்தான் சொல்லும். "எத்தனை நாள், எத்தனை பிழை, எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டால் குறைத்துச் சொல்ல வழியில்லை.

பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

"மாத இறுதி ரிப்போர்ட் வேலையில் டீமுக்கு உதவினேன்."

அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்:

"மாத இறுதி ரிப்போர்ட் முடிய 4 நாள் ஆகிக்கொண்டிருந்தது. ஒரே விவரத்தை மூன்று எக்செல் கோப்புகளில் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். மூன்றையும் ஒரே கோப்பாக இணைத்தேன். இப்போது ஒன்றரை நாளில் முடிகிறது. இரண்டு மாதமாகத் திருத்தம் கேட்டு எதுவும் திரும்பி வரவில்லை. மேனேஜருக்கும் கணக்குப் பிரிவுக்கும் தெரியும்."

இரண்டாவதில் பெருமையடித்த சொல் ஒன்றுகூட இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் மொழியில் செய்தவரைச் சொல்லாமலே ஒரு வேலை நடந்ததைச் சொல்லிவிடலாம். "ரிப்போர்ட் முடிஞ்சிடுச்சு சார்." "அந்தப் பிரச்சினை சரியாயிடுச்சு." யார் முடித்தது? தானாகவே சரியானது போல இருக்கிறது. ஆனால் பிழை என்று வந்தால் உடனே "தப்பு பண்ணிட்டேன் சார்" என்று முழுப் பொறுப்போடு சொல்கிறோம். நல்லது தானாக நடக்கிறது, கெட்டதை மட்டும் நான் செய்கிறேன்! ஒரு வாரம் உங்கள் பேச்சையே கவனித்துப் பாருங்கள். "முடிஞ்சிடுச்சு" வரும் இடத்தில் "முடிச்சிட்டேன்", "சரியாயிடுச்சு" வரும் இடத்தில் "சரி பண்ணிட்டேன்". மாறுவது வினைச்சொல் மட்டும்தான், ஆனால் கேட்பவர் மனதில் உங்கள் பெயர் பதிவாகிறது.

"நாங்க பண்ணோம்" என்பதிலும் கவனம் தேவை. ஹெதர் சார்சன்ஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பொருளாதாரப் பேராசிரியர்களில் ஆண்கள் கூட்டாக எழுதிய கட்டுரைகளுக்குக் கிடைத்த மதிப்பு பெண்களுக்குக் கிடைக்கவில்லை, அதுவும் ஆண்களோடு சேர்ந்து எழுதியபோது அதிகம் இழந்தார்கள் என்று தெரியவந்தது. குழு வேலையைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: "டீமா இதை முடிச்சோம். அதுல டிசைன் முழுக்க நான் பார்த்தேன்." முதல் வாக்கியம் நன்றி, இரண்டாவது உண்மை. இரண்டும் வேண்டும்.

"நிறைகுடம் தளும்பாது" என்று வளர்த்துவிட்டார்கள். அழகான பழமொழிதான். ஆனால் நாற்பது குடங்களை ஒரே அறையில் வைத்து, மூடியைத் திறக்காமலே எது நிறைகுடம் என்று முடிவு செய்யும் இடம் ஆபீஸ். அங்கே உள்ளே இருப்பதைச் சொன்னால்தான் தெரியும்.

மூன்றாம் படி: மீட்டிங்கில் பேசுவது

மீட்டிங்குக்கு முந்தைய நாளே ஒரே ஒரு கருத்தை மட்டும் எழுதி வையுங்கள். "என் கருத்து இது, காரணம் இது, அடுத்து செய்ய வேண்டியது இது" என்ற மூன்று துண்டும் 40 வினாடிக்குள் அடங்க வேண்டும். மீட்டிங் தொடங்கி முதல் 10 நிமிடத்துக்குள் ஒருமுறை பேசிவிடுங்கள், அது ஒரு கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. தள்ளிப்போடப் போட, "இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு இப்போது பேசுவதானால் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டுமே" என்ற சுமை ஏறும். கடைசியில் பேசாமலே எழுந்து வருவோம்.

பேச்சின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் மன்னிப்புகளை எடுத்துவிடுங்கள். "தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க", "எனக்கு சரியாத் தெரியல, ஆனா...", "சின்ன டவுட்டுதான்" எல்லாம் அந்த வகை. உண்மையிலேயே உறுதி இல்லாதபோது அதை வெளிப்படையாகச் சொல்லலாம்: "இதுல ரெண்டு விஷயம் உறுதியாத் தெரியும். மூணாவதை நாளைக்குள்ள பார்த்துச் சொல்றேன்." இது பலவீனமாக ஒலிக்காது. பொறுப்பாக ஒலிக்கும்.

குரலுக்கு ஒரு பயிற்சி. சொல்ல வேண்டியதை 2 நிமிடம் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் தெளிவாகக் கேட்கிறதா? தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "இந்தத் தேதிக்குள்ள முடிக்க..." என்பதோடு குரல் தேய்ந்துவிட்டால், முடியும் என்றீர்களா முடியாது என்றீர்களா என்பதே எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. மூச்சு தீர்வதால்தான் குரல் தேய்கிறது. வாக்கியத்தைப் பாதியாக வெட்டுங்கள், முற்றுப்புள்ளியில் மூச்சு எடுங்கள். தினமும் ஒருமுறை என்று இரண்டு வாரம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

யாராவது குறுக்கிட்டால் குரலை உயர்த்தவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதே அளவில்: "ஒரு நிமிஷம் சார், இந்தப் பாயிண்ட்டை முடிச்சிடறேன்." முடித்த பிறகு அவரைப் பார்த்து "நீங்க சொல்லுங்க" என்று இடம் கொடுங்கள். நீங்கள் சொன்ன யோசனையை ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால்: "ஆமா, நான் முதல்ல சொன்னதும் இதுதான். இதுல அடுத்த கட்டமா..." என்று தொடர்ந்துவிடுங்கள். சண்டை இல்லை, ஆனால் யோசனை உங்களிடம் திரும்பிவிடுகிறது.

இதைத் தனியாகச் செய்வதைவிடக் கூட்டாகச் செய்வது எளிது. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் அலுவலகத்தில் பணிபுரிந்த பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், இன்னொரு பெண் அதை அவர் பெயரோடு திரும்பச் சொல்வார். 2016-ல் பத்திரிகையில் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு தோழிதான். மீட்டிங்குக்கு முன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கையை இடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நின்றால் தன்னம்பிக்கை பொங்கும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் வந்த அந்த ஆய்வு சொன்ன ஹார்மோன் மாற்றங்கள் பிறகு வந்த பெரிய சோதனைகளில் கிடைக்கவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-ல் அந்த விளைவை நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். படபடப்பு இருந்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து ஐந்தாறு முறை சுவாசியுங்கள், அது போதும்.

நான்காம் படி: தலையில் கட்டப்படும் வேலைகளை எண்ணுங்கள்

மினிட்ஸ் (மீட்டிங் குறிப்பு) எழுதுவது, பிறந்தநாள் கேக்குக்குப் பணம் வசூலிப்பது, புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது, விழாக் குழுவில் இருப்பது. யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகள்தான். ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களையும் பெண்கள் மட்டும் இருந்த குழுக்களையும் ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு இல்லை. அதாவது இது பெண்ணின் சுபாவம் இல்லை. "அவள் செய்வாள்" என்று எல்லோரும், அவளும் சேர்ந்தே, எதிர்பார்ப்பதால் நடப்பது.

இரண்டு வாரம் இந்த வேலைகளுக்குப் போகும் மணிக்கணக்கை எழுதுங்கள். வாரம் 3 மணி நேரம் என்றால், ஓராண்டில் ஏறக்குறைய 150 மணி நேரம். ஒரு புது சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ள அது தாராளம்.

எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக "முடியாது" என்றால் "ஒத்துழைக்காதவள்" என்ற பெயர் வரும். ஆணுக்கு வராத பெயர், ஆனால் உங்களுக்கு வரும். எனவே முறை வைக்கச் சொல்லுங்கள்: "போன தடவை மினிட்ஸ் நான் எழுதினேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர்னு வெச்சுக்கலாம், இந்த வாரம் யார்?" அறையே அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பக் கூடாது. கையைத் தூக்காமல் பத்து வினாடி உட்கார்ந்திருங்கள். மேனேஜரே தலையில் கட்டினால்: "பண்றேன் சார். இதை எடுத்தா அந்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைக்குப் போயிடும். எது முதல்ல வேணும்?"

ஐந்தாம் படி: வழவழ விமர்சனத்தை உடைத்துக் கேளுங்கள்

"நல்லா பண்றீங்க, இன்னும் கொஞ்சம் கான்ஃபிடன்ட்டா இருக்கணும்." இதை வைத்துக்கொண்டு மறுநாள் எதுவும் செய்ய முடியாது. அங்கேயே கேளுங்கள்: "எந்த மீட்டிங்ல அப்படித் தெரிஞ்சுது? அந்த இடத்துல நான் என்ன பண்ணியிருக்கலாம்? அடுத்த மூணு மாசத்துல எதைப் பார்த்தா இது மாறியிருக்குன்னு சொல்வீங்க?" பதில் சொன்னால் உங்கள் கையில் ஒரு திட்டம் இருக்கும். சொல்ல முடியாமல் தடுமாறினால், அது உங்களைப் பற்றிய கருத்தே இல்லை, பழக்கத்தில் வந்த வார்த்தை.

ஆறாம் படி: பதவி உயர்வைக் கேட்பது

அப்ரைசல் மீட்டிங்கில் கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான இடங்களில் அதற்குள் பட்டியலும் பட்ஜெட்டும் முடிவாகியிருக்கும். மூன்று நான்கு மாதம் முன்பே, இதற்கென்றே 30 நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேச்சுவாக்கில், லிஃப்ட்டில், சாப்பாட்டு வேளையில் கேட்க வேண்டாம்.

கையில் ஒரே பக்கம். குறிப்பேட்டிலிருந்து பெரிய பதிவுகள் 3, அடுத்த பதவிக்குரிய வேலையில் ஏற்கெனவே நீங்கள் செய்துகொண்டிருப்பவை 2, கற்றுக்கொண்டிருப்பது 1. பத்து எழுதினால் பத்தும் மறந்துவிடும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"சார், அடுத்த அப்ரைசல்ல டீம் லீட் பதவிக்கு என்னைப் பரிசீலிக்கணும்னு கேட்கத்தான் இந்த நேரம் கேட்டேன். ஆறு மாசமா ரெண்டு ப்ராஜெக்ட்டோட திட்டமிடலை நான்தான் பார்க்கிறேன். ரிப்போர்ட் நேரத்தைப் பாதிக்கும் கீழ குறைச்சிருக்கேன். லீடா இருந்தா இதையே மத்த மூணு ப்ராஜெக்ட்டுக்கும் கொண்டு போகலாம், உங்களுக்கும் வாரக் கடைசி நெருக்கடி குறையும். உங்க ஆதரவு கிடைக்குமா?"

கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பல பெண்கள் கோட்டை விடுவது இங்கேதான். மூன்று வினாடி அமைதி பொறுக்காமல், "பரவாயில்ல சார், இப்போ இல்லன்னாலும் பார்க்கலாம்" என்று தாங்களே மறுப்பையும் சொல்லிவிடுகிறார்கள். அவர் யோசிக்கட்டும்.

"மத்த மூணு ப்ராஜெக்ட்டுக்கும்" என்று அதில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹன்னா ரைலி பௌல்ஸும் சக ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்ட சோதனைகளில், கூடுதலாகக் கேட்ட பெண்ணைப் பற்றி ஆணைவிடக் கடுமையான எண்ணம் உருவாவது தெரிந்தது. கேட்கத் தயங்கும் பெண்கள் காரணமில்லாமல் தயங்குவதில்லை. உங்கள் உயர்வு டீமுக்கு என்ன தரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கடுமை குறையும். ஆணுக்குத் தேவைப்படாத கூடுதல் வாக்கியம் இது. அநீதிதான். தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

பதில் "பார்க்கலாம்" என்றால் அது பதிலே இல்லை. "எந்தெந்த விஷயம் குறையுது, எந்தத் தேதியில திரும்பப் பேசலாம்?" என்று கேளுங்கள். அன்று மாலையே ஐந்து வரி ஈமெயில் போடுங்கள்: பேசியது, ஒப்புக்கொண்ட இலக்கு, அடுத்த தேதி. மேனேஜர் மாறினாலும் அந்த மெயில் நிற்கும். சம்பளம் என்றால் ஒரே எண்ணைச் சொல்லுங்கள். "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்றால் குறைந்த எண்ணே கையில் விழக்கூடும்.

ஏழாம் படி: நீங்கள் இல்லாத அறையில் பேசுபவர்

வழிகாட்டுபவர் வேறு, பரிந்துரைப்பவர் வேறு. முன்னவர் உங்களிடம் பேசுவார். பின்னவர் உங்களைப் பற்றி, நீங்கள் இல்லாத கூட்டத்தில் பேசுவார். பதவி முடிவாவது அந்தக் கூட்டத்தில். அதில் உட்காரும் மூன்று பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்காவது உங்கள் வேலையை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பை உண்டாக்குங்கள்: அவர் பிரிவோடு சேர்ந்து செய்யும் ஒரு ப்ராஜெக்ட், 10 நிமிடப் பிரசன்டேஷன். அவர் உங்கள் வேலையைப் பார்த்த பிறகு வெளிப்படையாகவே கேட்கலாம்: "அந்தப் பதவி பற்றிப் பேச்சு வரும்போது என் பேரைச் சொல்வீங்களா?"

எட்டாம் படி: 12 வார ஏணி

பயமாக இருக்கும் ஆறு செயல்களை எளிதிலிருந்து கடினம் வரை அடுக்குங்கள். மீட்டிங்கில் ஒரு கேள்வி, வேறு பிரிவினருக்கு நேரடியாக ஒரு ஃபோன், மாற்றுக் கருத்தை முகத்துக்கு நேரே சொல்வது, ஒரு வேலையை மறுப்பது, பிரசன்டேஷன், பதவி உயர்வு கேட்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். பதவி உயர்வு கேட்பதைத் தவிர மற்றவற்றைக் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். முதல் முறை கை நடுங்கும், மூன்றாம் முறை அவ்வளவு நடுங்காது. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்ப்பதற்காகவே மூன்று முறை.

"இனிமேல் தைரியமாக இருப்பேன்" என்று முடிவெடுப்பதால் பயனில்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விளக்கியபடி, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதி வைத்த திட்டமே நிறைவேறும் வாய்ப்பு அதிகம். "திங்கள் மீட்டிங்கில் அட்டவணை பற்றிப் பேச்சு வந்ததும், டெஸ்டிங்குக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்பேன்." இந்த அளவு துல்லியம் வேண்டும்.

நடுவில் ஒருநாள் சொதப்பும். பேச்சு தடுமாறும், யோசனை நிராகரிக்கப்படும். அன்றே குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள்: நடந்தது, காரணம், அடுத்த முறை மாற்றுவது. "நான் லாயக்கில்லை" என்பது காரணம் ஆகாது. "விவரத்தை முன்கூட்டி அனுப்பவில்லை" என்பது காரணம். ஏணியில் ஒரு படி கீழே இறங்கி அதை மறுபடி செய்துவிட்டு ஏறுங்கள்.

மகப்பேறு விடுப்போ வேறு இடைவெளியோ முடிந்து திரும்புகிறவர்கள் ஏணியை முதல் படியிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் மாதத்துக்குள் முழுதாக முடித்துக் காட்டக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். "பாவம், குழந்தை இருக்கு" என்று உங்களைக் கேட்காமலே பெரிய ப்ராஜெக்ட்டிலிருந்து விலக்கி வைப்பது அடிக்கடி நடக்கும். திரும்பிய முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாதுன்னு நானே சொல்றேன் சார். என்னைக் கேட்காம விட்டுடாதீங்க."

இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால்

எழுத்தில் ஒப்புக்கொண்ட இலக்குகளை முடித்த பிறகும் இரண்டு அப்ரைசல்களில் காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள், உங்களைவிடக் குறைந்த அனுபவம் உள்ளவருக்கு அந்தப் பதவி போனது, மேல்பதவிகளில் பெண்ணே இல்லை. மூன்றும் பொருந்தினால், முதல் படியில் எழுதிய அந்த மூன்றாவது எண்தான் விடை. இன்னும் நல்ல தொனியில், இன்னும் நன்றாகப் பேசிப் பார்க்கலாம் என்று மேலும் ஓராண்டைக் கொடுக்காதீர்கள்.

கேலியோ, தொந்தரவோ, மிரட்டலோ இருந்தால் அது தன்னம்பிக்கைப் பிரச்சினையே இல்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி ஆகியவற்றைத் தனியாக எழுதி, நிறுவனத்தின் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்குங்கள்.

வெளியே தேடத் தொடங்கும்போது, வேலை விளம்பரத்தில் கேட்கும் தகுதிகளை "கட்டாயம்", "இருந்தால் நல்லது" என்று இரண்டாகப் பிரியுங்கள். கட்டாயமானவை இருந்தால் விண்ணப்பித்துவிடுங்கள். மீதியைக் காரணம் காட்டி மறுப்பது அவர்கள் வேலை, அதை நீங்களே முன்கூட்டிச் செய்ய வேண்டாம். குறிப்பேட்டின் ஒரு பிரதியை ஆரம்பத்திலிருந்தே வீட்டில் வைத்திருங்கள். வாடிக்கையாளர் பெயர், நிறுவனத்தின் ரகசிய விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. நீங்கள் செய்ததும் அதனால் குறைந்த நாட்களும் பிழைகளும் மட்டும் போதும். புதிய இடத்தின் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, அந்தப் பக்கங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, வினைச்சொல்லின் கடைசி எழுத்துவரை கேட்கும்படி சொல்லுங்கள்.